புதுப் பாட் போட்டும் பிரேக் கத்துகிறதா?

"பாட் மாத்தி ஒரு மாசம் ஆகேல்லை, திரும்பவும் கத்துது." யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. வாங்கிய பாட் மட்டமானது என்று கடைக்காரரோடு தகராறு, பூட்டத் தெரியாமல் பூட்டிவிட்டார் என்று மெக்கானிக்கோடு மனக்கசப்பு. பிறகு இன்னும் விலை கூடிய ஒரு செற் வாங்கிப் பூட்டுவார்கள். கொஞ்ச நாள் சத்தமில்லை. பிறகு அதே கீச்சு.

பாட் என்பது சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை, அதாவது டிஸ்க்கை, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை. பெரும்பாலும் பிழை அதில் இல்லை. பாட் உட்காரும் இரும்புச் சட்டத்தில் ஏறிய துருவிலும், பாட்டை அழுத்தும் கவ்வியான கலிப்பர் முன்பின் ஓடவேண்டிய பின்கள் (வழுக்கு ஊசிகள்) இறுகிப்போனதிலும்தான் இருக்கிறது. பாட்டை மட்டும் கழற்றிப் புதிதைச் செருகுவது பாதி வேலைதான்.

எங்கள் பக்கத்தில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் உண்டு. குடாநாடு தட்டையான நிலம். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரவேண்டிய தேவை இங்கே கிடையாது. ஆகவே பாட் மெதுவாகத்தான் தேயும். ஆனால் துரு வேகமாக ஏறும். பண்ணைப் பாலத்தாலோ காரைநகர்ப் பாலத்தாலோ தினமும் ஓடும் காருக்கு இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். பருத்தித்துறைக் கரையோரத்தில் முற்றத்தில் நிற்கும் காருக்கு இரவு முழுக்க உப்புக் காற்று. வலிகாமத்துச் செம்மண் தூசி கிறீஸோடு கலந்து பசையாகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தப் பசை நனைந்து காய்ந்து கல்லாகும். இவற்றைவிட மோசம், ஓடாமல் நிற்கும் கார். வெளிநாட்டில் உள்ள உறவுகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மட்டும் வெளியே எடுக்கப்படும் கார்களின் டிஸ்க்கில், பாட் ஒட்டி நின்ற இடத்தின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். பாட்டைப் பார்த்தால் புதிது போலத் தெரியும். கார் ஓடினால் கத்தும், சில வேளை உதறும்.

சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் முதற் கேள்வி

எந்த மெக்கானிக்கிடம் போனாலும் "பிரேக் கத்துது" என்று மட்டும் சொல்லாதீர்கள். மிதிக்கும்போதா, மிதிக்காமலே ஓடும்போதா? காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா? மெதுவாக மிதித்தாலா, அழுத்தி மிதித்தாலா? முன் சில்லா, பின் சில்லா? இவற்றைக் கவனித்துச் சொன்னால் சில்லைக் கழற்ற முன்னரே பாதி விடை கிடைத்துவிடும்.

காலையில் எடுத்தவுடன் ஒரு கரகரப்பு, நாலைந்து முறை பிரேக் பிடித்த பின் இல்லாமல் போகிறது என்றால் அது டிஸ்க்கின் மேலே இரவு படிந்த மெல்லிய துரு. வார்ப்பிரும்பு டிஸ்க் மழையில் நனைந்தால் சில மணி நேரத்திலேயே செம்மஞ்சளாகும். பாட் அதை வழித்துவிடும். இதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய, விடாத விசில் சத்தம் வருகிறது, வேகம் கூடினால் கூடுகிறது, பிரேக் மிதித்தால் நின்றுவிடுகிறது அல்லது மாறுகிறது என்றால், பாட்டில் பொருத்தியிருக்கும் சிறிய தகடு டிஸ்க்கைத் தொடத் தொடங்கிவிட்டது. பாட் ஏறக்குறைய 2 முதல் 3 மி.மீ ஆகும்போது சத்தம் போடுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். பொதுவாக உட்பக்கப் பாட்டில்தான் இருக்கும். சில கார்களில் மிதிக்கும்போது மட்டும் கத்தும். விலை குறைந்த பல செற்களில் இந்தத் தகடே இருக்காது. அதனால் "சத்தம் வரட்டும், மாத்துவம்" என்று காத்திருப்பது பிழை.

மெதுவாக மிதிக்கும்போது மட்டும் கூர்மையான கீச்சு, அழுத்தி மிதித்தால் இல்லை என்றால் பாட் தேய்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பாட்டும் டிஸ்க்கும் ஒன்றையொன்று பிடித்துப் பிடித்து வழுக்கும்போது உண்டாகும் அதிர்வு அது. பாட்டின் முகம் சூட்டில் கண்ணாடி போல மினுங்கிப் போயிருக்கலாம், முதுகில் இருக்கவேண்டிய மெல்லிய தகடு இல்லாமல் போயிருக்கலாம், பாட்டின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் உட்காரும் இடத்தில் கிறீஸ் காய்ந்திருக்கலாம். புதுப் பாட் போட்ட பின் வரும் கீச்சுகளில் அரைவாசிக்கு மேல் இந்த வகைதான் என்பது எங்கள் கணிப்பு.

இரும்பை இரும்பு அரைக்கும் சத்தம், அதோடு காலுக்கு அதிர்வு தெரிகிறது என்றால் பாட்டில் உராயும் பொருள் முடிந்து முதுகுத் தகடு டிஸ்க்கைச் சுரண்டுகிறது. காரை நிறுத்துங்கள். ஒவ்வொரு கிலோமீற்றரும் டிஸ்க்கைத் தின்னும். பாட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு டிஸ்க்குக்கும் போகும்.

திடீரென்று தொடங்கி, மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரிச் சுரண்டும் சத்தம் பல வேளை டிஸ்க்குக்கும் பின்னாலுள்ள தகட்டு மறைப்புக்கும் இடையில் சிக்கிய ஒரு சிறு கல். கிரவல் ஒழுங்கைகளில் போய்வரும் கார்களில் சாதாரணம். காரைச் சில மீற்றர் பின்னோக்கி ஓட்டினால் சிலவேளை தானே விழுந்துவிடும். பள்ளங்களில் "டக் டக்" என்று வந்து, பிரேக்கில் கால் வைத்தவுடன் நின்றால் பாட்டைப் பிடிக்கும் கிளிப் இல்லை அல்லது தளர்ந்துவிட்டது.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கதவைத் திறந்ததும், அல்லது பிரேக்கை மிதித்ததும் "ஊங்ங்" என்று சில விநாடி கேட்பது பிரேக் அழுத்தத்தைச் சேமிக்கும் பம்பின் வேலை. அது பழுதல்ல. ஆனால் அந்தப் பம்ப் சில விநாடிக்கு ஒருமுறை விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால், அல்லது பிரேக் விளக்கு எரிந்தால், அதைப் பரிசோதிக்கவேண்டும்.

எத்தனை மி.மீ இருந்தால் மாற்றுவது

புதுப் பாட்டில் உராயும் பொருள் பொதுவாக 10 மி.மீ அளவில் இருக்கும். பல தயாரிப்பாளர்கள் கடைசி எல்லையாக 1 அல்லது 2 மி.மீ சொல்வார்கள். அது எல்லை. மாற்றவேண்டிய நேரம் அதற்கு முன்னரே வந்துவிடும். 3 மி.மீக்கு வந்தால் மாற்றுங்கள். மெல்லிய பாட் சூட்டை நேரே அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும் பிரேக் ஒயிலுக்கும் கடத்தும். கண்டி, நுவரெலியா போகும் எண்ணம் இருந்தால் 4 மி.மீ இருக்கும்போதே மாற்றுவது நல்லது.

அளக்கும்போது முதுகுத் தகட்டைச் சேர்க்கக் கூடாது. அந்த இரும்புத் தகடே 5 மி.மீ வரை தடிப்பாக இருக்கும். "இன்னும் 8 மி.மீ இருக்கு" என்று திரும்பிப் போனவரின் பாட்டில் உண்மையில் 3 மி.மீதான் மிஞ்சியிருக்கும்.

அலோய் சில்லு என்றால் போன் ரோர்ச்சைப் பிடித்து வெளிப்பக்கப் பாட்டைப் பார்க்கலாம். ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். பிஸ்டன் தள்ளுவது உட்பக்கப் பாட்டை. கலிப்பர் பின்கள் இறுகியிருந்தால் உட்பாட் 2 மி.மீக்கு வந்திருக்கும்போது வெளிப்பாட் 7 மி.மீ நிற்கும். சில்லைக் கழற்றி இரண்டையும் பார்த்தால்தான் கணக்குச் சரி. உள்ளும் வெளியும் 2 மி.மீக்கு மேல் வித்தியாசப்பட்டால், அல்லது ஒரே பாட் ஒரு முனையில் தடிப்பாகவும் மறு முனையில் மெல்லிதாகவும் இருந்தால், கழுவிக் கிறீஸ் வைக்காமல் புதுப் பாட் போடுவது காசைக் கடலில் எறிவதுதான்.

இன்னொரு எளிய சோதனை: நாலைந்து கிலோமீற்றர் சாதாரணமாக ஓட்டி, பிரேக்கை அழுத்தாமல் மெதுவாக நிறுத்தி, ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கப் பாட் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கடையில் கேட்பது எப்படி

ஸ்ரான்லி வீதியிலோ, கொழும்பில் பஞ்சிகாவத்தையிலோ, எங்கே வாங்கினாலும் "அக்ஸியோ பாட்" என்று மட்டும் கேட்காதீர்கள். அக்ஸியோவிலேயே பல மாதிரி உண்டு. 141க்கு வருவது 165க்குப் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். என்ஜின் அறையிலோ கதவு ஓரத்திலோ உள்ள தகட்டில் இருக்கும் மாதிரி எழுத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் பழைய பாட் ஒன்றையும் கொண்டுபோய் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காதுகளின் அளவு, தகட்டின் வடிவம், கத்தும் தகடு இருக்கும் பக்கம் எல்லாம் ஒத்துவர வேண்டும்.

பாட்டின் ஓரத்திலோ முதுகிலோ அச்சிட்ட எழுத்துத் தொடரின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சூடு குறைந்தபோது உள்ள பிடி, இரண்டாவது சூடேறிய பின் உள்ள பிடி. ஈ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. சாதாரணக் காருக்கு இரண்டும் எஃப் ஆக இருப்பது போதும். இரண்டாவது எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்திருந்தால் மலைநாட்டுப் பயணத்துக்கு அது உதவாது. எந்த எழுத்தும் அச்சிடாத பாட்டை வாங்கவே வேண்டாம்.

பொருளைப் பொறுத்தவரை, உலோகத்தூள் கூடியவை சூட்டைத் தாங்கும், ஆனால் சத்தம் போடும், டிஸ்க்கையும் தேய்க்கும். செரமிக் அமைதியானது, தூசி குறைவு. குடாநாட்டுக்குள் மட்டும் ஓடும் வகன் ஆர், அல்ட்டோ, விட்ஸ் போன்றவற்றுக்குச் செரமிக்கோ கம்பனி போட்டு வரும் சாதாரண வகையோ போதும். ஆட்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடும் கே.டி.எச் வானுக்கு நாங்கள் உலோகம் கலந்ததைத்தான் சொல்வோம், கொஞ்சம் கத்தினாலும் பரவாயில்லை. கிளிப் செற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பாட்டோடு ஒப்பிட்டால் அதன் விலை சிறிது. பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பாட் எப்போதும் ஒரு அச்சுக்கு ஒரு செற், அதாவது இடமும் வலமும் சேர்த்து நான்கு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

வேலை

காரை மண் தரையில் ஜக் அடிப்பதாக இருந்தால் ஜக்கின் கீழே தடித்த பலகை ஒன்று வையுங்கள். எங்கள் முற்றத்து மண்ணில் வெறும் ஜக் சரிந்துவிடும். பின் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். சில்லு நட்டுகளைக் கார் நிலத்தில் நிற்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். தூக்கியபின் ஸ்ராண்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது.

ஹைபிரிட் கார் என்றால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கதவைத் திறந்தாலே பிரேக் அழுத்தம் ஏறக்கூடிய அமைப்பு இவற்றில் உண்டு. கலிப்பர் கழன்றிருக்கும்போது பம்ப் ஓடினால் பிஸ்டன் வெளியே தள்ளுப்படும், விரலும் நசியும். காரை முற்றாக நிறுத்தி, சாவியைத் தூரத்தில் வைத்து, சில நிமிடம் விட்டு, 12 வோல்ற் பற்றரியின் மறை முனையைக் கழற்றிய பின்பே தொடவேண்டும். மாதிரிக்கு மாதிரி முறை மாறும். இதில் பழக்கமில்லாதவர் ஹைபிரிட்டைத் தொடாமல் விடுவதே சரி. பின் சில்லில் மின்சார ஹான்ட் பிரேக் உள்ள கார்களும் அப்படித்தான், பராமரிப்பு நிலைக்கு மாற்றாமல் பிஸ்டனைத் தள்ளினால் மோட்டார் உடையும்.

சாதாரணக் காரின் முன் பிரேக்கில் கலிப்பரின் கீழ்ப் பின் போல்ட்டைக் கழற்றி மேலே மடிக்கலாம், அல்லது இரண்டையும் கழற்றலாம். கழற்றிய கலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டுங்கள். பழைய பாட்கள் இருந்த ஒழுங்கைப் படமெடுத்து வையுங்கள்.

இனித்தான் பலர் தாண்டிப் போகும் வேலை. பழைய கிளிப்களைக் கழற்றினால் அடியில் துரு பொருக்காகத் தடித்திருக்கும். அந்தத் துருதான் கிளிப்பை மேலே தள்ளி, பாட்டின் காதை இறுக்கிப் பிடிக்கிறது. கம்பித் தூரிகையாலும் அரத்தாலும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். புதுக் கிளிப்பை வைத்து, பாட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். விரல் பலத்தில் வழுக்கிப் போகவேண்டும், சுத்தியலால் தட்டி இறக்கவேண்டி வந்தால் அது பிழை.

பின்கள் இரண்டையும் உருவி எடுங்கள். நல்ல பின் கையோடு வரும். இறுகியது வராது. துரு எண்ணெய் ஊற்றி, முறுக்கி முறுக்கி எடுத்து, துளையையும் பின்னையும் பிரேக் கிளீனரால் கழுவுங்கள். பெற்றோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம், றப்பர் ஊதிப்போகும். அதே காரணத்தால் சில்லு பெயாரிங்குக்குப் போடும் சாதாரணக் கிறீஸையும் பின்னில் பூசக் கூடாது. இங்கே மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான்: பச்சை அல்லது மஞ்சள் கிறீஸைப் பூசி அனுப்புவார்கள், சில மாதத்தில் றப்பர் ஊதிப் பின்னை இறுக்கிவிடும், உட்பாட் மட்டும் தேயும். சிலிக்கன் அல்லது பிரேக்குக்கென்றே விற்கும் கிறீஸ் மட்டும். றப்பர் மூடி கிழிந்திருந்தால் மாற்றுங்கள். அதன் வழியாகத்தான் உப்பும் செம்மண்ணும் உள்ளே போகின்றன. சில கார்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் வேறு வேறு, இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பிஸ்டனைத் தள்ள முன் பிரேக் ஒயில் தாங்கியைத் திறந்து பாருங்கள். பாட் தேயத் தேய ஒயில் மட்டம் இறங்கியிருக்கும். இடையில் யாராவது நிரப்பியிருந்தால் பிஸ்டன் உள்ளே போகும்போது வழிந்து பெயின்ற்றை அரித்துவிடும். வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய பாட் ஒன்றை வைத்து ஜி கிளாம்பால் மெதுவாகத் தள்ளுங்கள். நேரே போகாமல் முரண்டு பிடித்தால், அல்லது றப்பர் ஓரத்தில் ஈரம் கண்டால் பாட்டோடு வேலை முடியாது, கலிப்பர் சீல் செற் வேண்டும். ஹான்ட் பிரேக் பின் கலிப்பரிலேயே இருக்கும் கார்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே விடவேண்டும்.

பாட்டின் காதுகளிலும், முதுகில் பிஸ்டன் தொடும் இடத்திலும் மிக மெல்லிதாகக் கிறீஸ். முகத்தில் ஒரு துளி பட்டாலும் அந்தப் பாட்டைப் பாவிக்காதீர்கள். முதுகுத் தகடுகளைப் பழையபடி பொருத்துங்கள்.

டிஸ்க்கின் நடுக் கிண்ணத்திலோ ஓரத்திலோ மிகக் குறைந்த தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீற்றரால் அளந்து, அதற்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். ஓரத்தில் வரம்பு கட்டியிருந்தாலும் தடிப்பு மிஞ்சியிருந்தால் லேத்தில் கடையலாம், கடைந்த பிறகும் அந்த எல்லைக்கு மேலே நிற்கவேண்டும். வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்ரியறிங் ஆடினால் டிஸ்க்கின் தடிப்பு சீராக இல்லை. ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு வித்தியாசமே அதற்குப் போதும். டிஸ்க் உட்காரும் ஹப்பில் ஒட்டிய துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க் போட்டாலும் அதே ஆட்டம் வரும்.

பூட்டும்போது கலிப்பர் பின்னின் போல்ட் சிறிய கார்களில் பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் மீற்றர்தான். நீண்ட ஸ்பானரால் பலத்தைப் போட்டால் மரை போய்விடும். ரொயோற்றா கார்களின் சில்லு நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர்.

காரை இறக்கியபின், ஓட்ட முன், பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் சில மிதிகள் அடிவரை போகும், ஏனென்றால் பிஸ்டன் உள்ளே தள்ளுப்பட்டிருக்கிறது. இதை மறந்து கேற்றைத் தாண்டி றோட்டில் இறங்கினால் முதல் மிதியில் பிரேக் இருக்காது.

பிறகு பாட்டைப் பழக்கவேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 10 வரை நடுத்தரமாகப் பிடித்து விடுங்கள். முற்றாக நிறுத்தவேண்டாம். இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை செய்து, பிறகு சில நிமிடம் பிரேக் பிடிக்காமல் ஓடி ஆறவிடுங்கள். இதைச் செய்யாமல் முதல் நாளே சூடாக்கி நிறுத்தினால் பாட்டின் பொருள் திட்டுத் திட்டாக டிஸ்க்கில் ஒட்டும், கீச்சும் உதறலும் அங்கிருந்து தொடங்கும். முதல் 200 கிலோமீற்றருக்குள் வரும் இலேசான சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

பின்பக்கம், பிரேக் ஒயில், மலை

அக்வா, அக்ஸியோ, வகன் ஆர், அல்ட்டோ, கே.டி.எச் எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் ட்ரம், அதாவது சில்லோடு சுழலும் கிண்ணத்தை உள்ளிருந்து ஷூ விரிந்து அழுத்தும் வகை. ஷூ மெதுவாகத் தேயும், அதனால் வருடக் கணக்கில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஹான்ட் பிரேக் வழக்கத்தைவிட உயர இழுபடுவதும், பின்னாலிருந்து கரகரப்பதும் அடையாளம். ஷூவில் உள்ள உராயும் பொருளான லைனிங் 1 மி.மீக்கு வருமுன் மாற்றவேண்டும். ஆணி அடித்த லைனிங் என்றால் ஆணித் தலைக்கு மேலே 1 மி.மீ மிஞ்சவேண்டும். ட்ரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இங்கே இன்னமும் ஓடும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்றவற்றுக்கு நான்கு சில்லும் ட்ரம். அந்தக் காலத்து லைனிங்குகளில் கல்நார் இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத் துணியாலோ பிரேக் கிளீனராலோ நனைத்துத் துடையுங்கள்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். டொட் 4க்கு 230, 155. குடாநாட்டுக்குள் இது தெரியவராது. ஏ9 வழியே போய் மாத்தளை தாண்டிக் கண்டிக்கும், அங்கிருந்து நுவரெலியாவுக்கும் ஏறி, இறங்கும்போதுதான் தெரியும்: ஒயில் கொதித்து, ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு போல அடிக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள். மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். டொட் 5 சிலிக்கன் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது.

தட்டை நிலத்தில் ஓட்டிப் பழகிய எங்களுக்கு இறக்கத்திலும் பிரேக்கில் கால் வைத்தபடியே வரும் பழக்கம் உண்டு. மனுவல் கார் என்றால் மேட்டில் ஏறும்போது போட்ட அதே கியரிலேயே இறங்குங்கள், ஓட்டோ என்றால் எல் (L) அல்லது எஸ் (S), பிரியஸ் என்றால் பி (B). பயணத்துக்கு முதல் வாரமே நான்கு சில்லையும் கழற்றிப் பார்த்து, கழற்றிய நட்டுகளை 50 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். போகும் வழியில் எரிந்த மணம் வந்தாலோ, பெடல் கீழே இறங்கினாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ ஓரமாக நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும், வெடிக்கவும் கூடும். ஆறிய பிறகும் பெடல் பழைய உயரத்துக்கு வராவிட்டால் அங்கிருந்து அந்தக் காரை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.